ஊர்தி நிறுத்தகத் தளம்: பளுவை முடிவு செய்வது எவ்வாறு?

கட்டடத்தின் தளம் தாங்கும் பளு இருவகைப்படும். தளம், உத்தரம், தூண் ஆகியவற்றின் சொந்த எடை நிலைப் பளு எனப்படும். ஆட்களாலும் பொருள்களாலும் ஊர்திகளாலும் வந்துபோவது இயங்கு பளு ஆகும். முன்னதைக் கணக்கிட்டு அறியலாம். பின்னதை முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். பலமாடி நிறுத்தகங்கள் பெருகிவரும் நம் நகரங்களில் இம்முடிவு பொறியாளரை மட்டுமே சார்ந்ததன்று. கட்டடத்தைக் கோரும் துறைக்கும் அதில் பொறுப்புண்டு.

விதி கூறுவது

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 875ஆம் எண் நெறிமுறை, இரண்டாம் பகுதி (1987), நிறுத்தகங்களை இருவகையாகப் பிரிக்கிறது. மொத்த எடை 2.5 டன்னுக்கு மேற்படாத ஊர்திகளுக்கு, சதுர மீட்டருக்கு 2.5 கிலோ நியூட்டன் பரவிய பளுவாகக் கொள்ளப்படும். 4 டன் வரையிலான ஊர்திகளுக்கு இது 5 கிலோ நியூட்டன். இருவகையிலும், ஓரிடத்தில் குவியும் 9 கிலோ நியூட்டன் பளுவையும் தளம் தாங்குதல் வேண்டும். (10 கிலோ நியூட்டன் ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம்.)

அளவு மிகையா?

1.5 டன் எடையுள்ள கார் 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தில் நிற்பதாகக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 1.2 கிலோ நியூட்டனே வரும். ஓடுபாதையையும் சேர்த்தால் சராசரி மேலும் குறையும். அமெரிக்க நெறிமுறை 2002இல் கார் நிறுத்தகப் பளுவைச் சதுர அடிக்கு 50 பவுண்டிலிருந்து 40 பவுண்டாகக் குறைத்ததும் இத்தகைய கணக்கையொட்டியே. ஆயினும், 3,000 பவுண்டு குவிபளுவை அதே நெறிமுறை வற்புறுத்துகிறது. காரின் எடை தளம் முழுவதும் பரவுவதில்லை. நான்கு சக்கரங்களின் வழியே இறங்குகிறது. ஜாக்கி வைத்துத் தூக்கும்போது எடையின் பெரும்பகுதி ஒரு சிறு தகட்டின்மீது விழுகிறது.

குடியிருப்பில் எல்லா மாடிகளும் ஒரே வேளையில் நிறைவது அரிது. எனவே தூண்களுக்கான இயங்கு பளுவில் சலுகை உண்டு. நிறுத்தகத்திற்கு அச்சலுகை இல்லை. பண்டிகை நாளில் அதன் எல்லா மாடிகளும் ஒருங்கே நிறையும்.

மறக்கப்படும் ஊர்தி

பல வளாகங்களில் நிலத்தடி நிறுத்தகத்தின் கூரையே தீயணைப்பு வண்டியின் பாதையாகவும் அமைகிறது. அப்பாதை 45 டன் வரையிலான வண்டியைத் தாங்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) கூறுவது. கார்களை மட்டும் கருதி அமைத்த கூரை, தீப்பற்றிய நாளில் மீட்க வந்தவர்களையே ஆபத்தில் தள்ளும்.

எல்லாத் தளங்களையும் உயர்ந்த பளுவுக்கே அமைப்பது இரும்பையும் சிமெண்டையும் வீணாக்கும். குறைத்து அமைத்துவிட்டுப் பின்னர் வலுப்படுத்துவதோ அதனினும் பெருஞ்செலவு. ஆகவே ஒப்புதலுக்கு முன் அலுவலர் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வகை ஊர்திகள் வரும்? மின்கலக் கார்கள் போன்று எடை மிகுந்தவை பெருகினால் தளம் ஈடுகொடுக்குமா? கனரக வண்டி நுழையாதிருக்க வாயிலில் உயரத் தடைச்சட்டம் உண்டா? இவற்றின் விடைகள் வரைபடத்திலும் எழுதப்படல் வேண்டும். அனுமதித்த எடை வாயில் பலகையிலும் விளங்கல் வேண்டும்.