அலமாரிக்குள் போன பேரேடு

சட்டமியற்றல் பாடத்தில் மசோதா, விவாதம், வாக்கெடுப்பு, ஆளுநர் ஒப்புதல் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறோம். ஒப்புதலுக்குப் பின் அந்தச் சட்டம் என்ன ஆனது என்பதற்கு நேரம் இருப்பதில்லை. இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் அதற்காகவே ஒரு சட்டத்தை எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2003இல் இயற்றியது. துறைதோறும் தனித்தனியாக இருந்த கணினிகளையும் தொழில்நுட்பப் பணியாளர்களையும் அது ஒரே முகமையின்கீழ் கொண்டுவந்தது.

சட்டத்தைப் பற்றி முதலில் எதுவும் சொல்லவில்லை. வகுப்பை ஆறு துறைகளாகப் பிரித்தேன். ஒவ்வொரு துறைக்கும் ஒரு நோட்டு. பிறகு ஆறையும் வாங்கிக்கொண்டு, எல்லாப் பதிவுகளையும் ஒரே பேரேட்டில் எழுதச் சொல்லி ஒரு மாணவியிடம் கொடுத்தேன். "செலவு மிச்சம் சார்" என்றார்கள். வர்ஜீனியாவும் அதைத்தான் எதிர்பார்த்தது. பத்து நிமிடம் கழித்துப் பேரேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். போக்குவரத்துத் துறையின் முன் ஓட்டுநர் உரிமத்துக்கு மூவர் நின்றார்கள். ஒரே கூச்சல்.

அப்போதுதான் 2010 ஆகஸ்ட் 25ஐச் சொன்னேன். அன்று தரவுச் சேமிப்புக் கருவி ஒன்று பழுதானது. அதைத் தாங்க வேண்டிய மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. 26 துறைகள் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் அலுவலகங்களில் ஓட்டுநர் உரிமம் வழங்க முடியவில்லை.

"யாரைப் போய்க் கேட்கிறது சார்?" என்றான் ஒருவன். பாடம் அங்கேதான் தொடங்கியது. பணிகளைச் செய்தது, 2005இல் பத்தாண்டு ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனம். அதை மேற்பார்க்கும் தலைமைத் தகவல் அலுவலரை 2003 சட்டப்படி ஒரு வாரியம் நியமித்தது. பழுது வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் சட்டமன்றம் அந்த முறையை மாற்றி, நியமன அதிகாரத்தை ஆளுநரிடம் கொடுத்திருந்தது. அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர். இதை முதலிலேயே விளக்கிவிடுங்கள், நான் மறந்துபோய்த் திண்டாடினேன். வாரியமா, ஆளுநரா என்ற விவாதம் இன்னொரு பாடவேளையையும் எடுத்துக்கொண்டது.

மையப்படுத்தியதே தவறு என்று மாணவர்கள் சட்டென முடிவு கட்டுவார்கள். ஆறு நோட்டில் ஒன்று முன்பே தொலைந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று கேளுங்கள். என் வகுப்பு சிறிது நேரம் யோசித்தது. பிறகு போக்குவரத்துக் குழு ஒரு திருத்தம் எழுதிவந்தது: பேரேட்டின் நகல் வேறொரு பள்ளியில் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்க வேண்டும், பார்த்தவர் கையெழுத்திட வேண்டும்.