வராத விண்டோஸுக்கு முன்கூட்டியே வேஷம்

விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001 அக்டோபரில். அதற்கடுத்த விஸ்டா கடைக்கு வந்தது 2007 ஜனவரி 30-ல். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. இதற்கிடையே 2003 அக்டோபரில், லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த மென்பொருள் எழுதுவோர் மாநாட்டில், மைக்ரோசாஃப்ட் 'லாங்ஹார்ன்' என்ற பெயரில் ஒரு முன்பதிப்பைக் கொடுத்தது. திரையின் வலது ஓரத்தில் ஒரு பட்டை, அதில் முள் கடிகாரம். படத்தைப் பார்த்தவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? இருக்கிற எக்ஸ்பியையே லாங்ஹார்ன் மாதிரி ஆக்கும் வேலை தொடங்கிவிட்டது. அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால், விண்டோஸின் உள்கட்டு நன்றாகவே புரிகிறது.

வால்பேப்பர், மவுஸ் அம்பு, ஐகான் இதெல்லாம் யாரும் மாற்றலாம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. விஷயம் ஜன்னலின் சட்டத்திலும் பொத்தானிலும் இருக்கிறது.

எக்ஸ்பியின் நீல நிறத் தோற்றத்துக்கு 'லூனா' என்று பெயர். அது 'எம்எஸ்ஸ்டைல்ஸ்' என்ற வகைக் கோப்பில் இருக்கிறது. உண்மையில் அது டி.எல்.எல். அமைப்பிலுள்ள கோப்புதான். உள்ளே பிட்மேப் படங்களும், எந்தப் படம் எங்கே என்று சொல்லும் எழுத்துக் குறிப்பும் இருக்கும். ரிசோர்ஸ் ஹேக்கர் போன்ற கருவியால் திறந்து பார்க்கலாம். ஒரு பொத்தானுக்கு ஐந்து படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள்: சாதாரண நிலை, மவுஸ் மேலே வந்த நிலை, அழுத்திய நிலை, செயல்படாத நிலை, என்டர் தட்டினால் இயங்கும் நிலை.

சின்னப் படம் பெரிய பொத்தானாக இழுபடும்போது மூலை ஏன் கோணலாவதில்லை? கணக்கு இதுதான். படத்தின் அகலம் 20 பிக்சல், இடது ஓரம் 6, வலது ஓரம் 6 என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் 100 பிக்சல் ஆனாலும் அந்த 6-ம் 6-ம் அப்படியே நிற்கும். நடுவிலுள்ள 8 மட்டும் 88 ஆக இழுபடும். மேல் கீழுக்கும் இதே கதை. ஆக, ஒரு படம் ஒன்பது துண்டாக வெட்டப்படுகிறது. ஓர எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் வளைந்த மூலை சப்பையாகிவிடும்.

சரி, நம் படத்தைப் போட்டுச் சேமித்துவிட்டோம். எக்ஸ்பி ஏற்குமா? ஏற்காது. 'யுஎக்ஸ்தீம்' என்ற டி.எல்.எல்., தோற்றக் கோப்பில் மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் கதவு மூடிக்கொள்ளும். அதனால் அந்த டி.எல்.எல்.லின் சோதனையையே முடக்கினார்கள். அங்கும் ஒரு காவல்காரன் உண்டு. சிஸ்டம் கோப்பை மாற்றினால், 'டிஎல்எல்கேஷ்' என்ற ஃபோல்டரில் ஒளித்து வைத்த அசலை எடுத்து விண்டோஸ் திரும்பவும் போட்டுவிடும். எனவே அங்கே முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் சிஸ்டம்32-ல். 2004-ல் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்து அந்த டி.எல்.எல்.லைப் புதுப்பித்ததும் போட்ட வேஷம் கலைந்தது. எல்லாம் முதலிலிருந்து!

ஸ்டார்டாக் கம்பெனியின் விண்டோபிளைண்ட்ஸ் வேறு வழியில் போனது. சிஸ்டம் கோப்பைத் தொடாமல், ஜன்னல் வரையும் வேலையைத் தானே வாங்கிக்கொண்டது. எனக்கு இதுதான் யோக்கியமான வழியாகப் படுகிறது. காரணம், தோற்றக் கோப்பு வெறும் படம். ஆனால் 'எல்லாவற்றையும் நானே மாற்றித் தருகிறேன்' என்று வரும் இ.எக்ஸ்.இ. ஒரு புரோகிராம். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு அதை ஓட்டினால் அது எதை வேண்டுமானாலும் செய்யலாம். கண்ணாடி ஜன்னல் ஆசையில் முகம் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த கதைதான்.

இத்தனை செய்தும் விஸ்டாவின் கண்ணாடி மட்டும் எக்ஸ்பிக்குச் சரியாக வரவில்லை. ஏன்? எக்ஸ்பியில் சாதாரண ஜன்னல்கள் எல்லாமே ஒரே திரையில் நேரடியாக வரைகின்றன. மேல் ஜன்னல் மூடிய இடத்தில் கீழே என்ன இருந்தது என்று எங்கும் சேமித்து வைப்பதில்லை. மேலே இருப்பது நகர்ந்தால், 'மறுபடி வரை' என்று கீழேயுள்ள புரோகிராமுக்குச் செய்தி போகும். அது தொங்கிப்போயிருந்தால் வரையாது. அதனால்தான் ஜன்னலை இழுக்க இழுக்க வால் வாலாகத் தடம் விழும். விஸ்டாவில் ஒவ்வொரு ஜன்னலும் தனக்கென ஒரு நினைவகப் பகுதியில் வரையும். டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர் எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் கார்டு வழியாக அடுக்கி, பின்னால் இருப்பதை மங்கலாக்கிக் காட்டும். எக்ஸ்பியில் ஜன்னல் முழுவதையும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் ஒளி ஊடுருவச் செய்யலாம். செய்தால் சட்டத்தோடு எழுத்தும் சேர்ந்து வெளிறிவிடும்.

இப்போது செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலேஜ் லேப் மிஷினில் கை வைக்காதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்துவிட்டது. உரிமமுள்ள பழைய சி.டி. இருந்தால் வர்ச்சுவல்பாக்ஸில் ஏற்றி, நெட்வொர்க்கைத் துண்டித்து, ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் ஒரே ஒரு பொத்தான் படத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.