வேலைநிறுத்தக் காலத்தில் மாணவர்

2002ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் கேரளத்தில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, அவர்கள் பெற்றுவந்த சலுகைகள் சிலவற்றை ஏ. கே. அந்தோணி தலைமையிலான அரசு குறைத்திருந்தது. போராட்டம் 32 நாள் நீடித்தது. மார்ச் மாதத் தேர்வுகள் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது.

ஆசிரியர் பணியை நிறுத்துவதைப் பொறுப்பின்மை என்று கூறிவிடுவது எளிது. ஆயினும் வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. ஒரு காலத்தில் கேரளத் தனியார் கல்லூரி ஆசிரியர்களுக்கு நிர்வாகமே ஊதியம் வழங்கியது. அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் முறை 1972இல் வந்தது. ஆசிரியர் சங்கங்களின் போராட்டம் அதற்குப் பெரிதும் வழிவகுத்தது. அதே காலத்தில் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் ஒரே அளவான கட்டணம் என்ற ஏற்பாடும் உருவானது. அதன் பயன் ஏழை மாணவர்க்கும் கிடைத்தது. மறுபுறம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அன்று என உச்ச நீதிமன்றம் 2003 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டு அரசு ஊழியர் போராட்டம் தொடர்பான வழக்கு.

வேலைநிறுத்தத்தால் மாணவர் இழப்பது பாடம் மட்டுமே எனப் பலர் எண்ணுவர். விட்டுப்போன பாடத்தைச் சனிக்கிழமை வகுப்பு வைத்தும் நடத்திவிடலாம். கல்லூரி அலுவலகம் பூட்டிக் கிடப்பதே பெரிய இடர். மாற்றுச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம், கல்வி உதவித்தொகை ஆகிய யாவும் அலுவலக மேசையைக் கடந்தே செல்ல வேண்டும். கேரளத்தின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்கு மாணவர் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரி அதனைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். கிராம அலுவலகமும் சேர்ந்து மூடப்படுமானால் சான்றிதழும் கிடைக்காது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் இது மேலும் கடினம். அங்குள்ள தோட்டத் தமிழர் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, தம் குடும்பம் 1950க்கு முன்பே கேரளத்தில் வாழ்ந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும். பழைய தாள்களைத் தேடி அலைபவருக்கு ஒரு மாத முடக்கம் ஓர் ஆண்டு இழப்பாகிவிடக்கூடும்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பெற்றோர் விடியலில் கொழுந்து பறிக்கச் செல்கின்றனர். வீட்டில் பாடம் சொல்லித் தருவார் இல்லை. தனிப்பயிற்சிக்குப் பணமும் இல்லை. நகரத்து மாணவர் வேறு வழி தேடிக்கொள்வர். இவளுக்கு வகுப்பறையே ஒரே வழி. அவள் தமிழ் இலக்கியம் பயில்பவளாயின் இழப்பு இன்னும் மிகுதி. பாலக்காட்டுச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. இத்தகைய துறைகள் கேரளத்தில் மிகச் சில. ஆதலால் தமிழாசிரியர் வராத நாளில் அவருக்கு மாற்றாக வேறொருவர் எளிதில் கிடைப்பதில்லை.

எல்லையைக் கடந்து பொள்ளாச்சிக்கும் போடிநாயக்கனூருக்கும் படிக்கச் செல்வோர் இரு மாநிலப் போராட்டங்களுக்கும் இடையில் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பழைய ஓய்வூதியத் திட்டத்தைக் கோரி ஜாக்டோ-ஜியோ அமைப்பினர் 2019 ஜனவரி 22 முதல் 30 வரை வேலைநிறுத்தம் செய்தனர். செய்முறைத் தேர்வுகள் நெருங்கிய வேளை அதுவும். கடல் கடந்தாலும் நிலை மாறுவதில்லை. பிரிட்டனில் 2023இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சம்பள உயர்வு கேட்டு, வகுப்புகளை நடத்திக்கொண்டே விடைத்தாள் திருத்த மட்டும் மறுத்தனர். இறுதி மதிப்பெண் தெரியாமலேயே மாணவர் பலர் பட்டமளிப்பு விழாவுக்குச் சென்றனர்.

இத்தகைய நாளில் மாணவர் எங்கே செல்வது? பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்ட விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். குழு 15 வேலை நாள்களுக்குள் தன் பரிந்துரையை அளிக்க வேண்டும். தீர்வு நிறைவளிக்காவிடில், அடுத்த 15 நாள்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சித்தூர் மாணவர்க்கு அது கோழிக்கோடு பல்கலைக்கழகம். மூணாறு மாணவர்க்குக் கோட்டயத்திலுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். வருகைக் குறைவு, தேர்வு விண்ணப்பத்திற்கான கெடு, உதவித்தொகைத் தாமதம் ஆகியவற்றை இவ்வழியே எழுப்பலாம். வாய்மொழியாகக் கேட்டால் எவருக்கும் நினைவிராது. எழுத்தில் தந்து, ஒரு படியில் நாளும் முத்திரையும் பெற்றுக்கொள்வதே பயன்தரும்.

எந்த மொழியில் எழுதுவது என்று தயங்குவோர் பலர். இந்திய அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு இதற்கு விடை தருகிறது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் தம் குறையை அரசு அதிகாரியிடம் முறையிடலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் தெளிவானது. தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மறுமொழியும் தமிழில் வர வேண்டும். இச்சட்டம் இருப்பதை அறியாமல், பிறர் கையால் மலையாளத்தில் மனு எழுதி வாங்குவோர் இன்றும் உளர். பிறர் எழுதும் மனுவில் மாணவர் சொல்ல வந்தது பாதியே ஏறும்.

தேர்வு தள்ளிப்போகும்போது மனம் சோர்வதும் இயல்பே. டெலி மானஸ் என்னும் நடுவண் அரசின் மனநல உதவி எண் 14416. அங்குத் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கேரள அரசின் திசா உதவி எண் 1056.

அருஞ்சொற்பொருள்
லயம் – தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசை
கெடு – குறித்த இறுதி நாள்
முறையீடு – குறையை எடுத்துரைத்தல்
படி – நகல்

பயிற்சி
1. கல்லூரி அலுவலகம் மூடப்படுவது பாடம் நின்றுபோவதைவிடப் பெரிய இடராவது எவ்வாறு?
2. 1972ஆம் ஆண்டு மாற்றத்தால் ஆசிரியரும் மாணவரும் பெற்ற பயன் யாது?
3. ‘வேலைநிறுத்தம் செய்யும் ஆசிரியரும் வகுப்பை இழக்கும் மாணவரும் எதிரிகளா?’ வகுப்பில் இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.
4. வேலைநிறுத்தத்தால் உதவித்தொகை விண்ணப்பம் தாமதமான மாணவர் ஒருவர், தம் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதும் மனுவைத் தமிழில் வரைக.