நீரா, காற்றா?

என் அறைத் தோழர் ஒருவர், உதவித்தொகையில் ஈராண்டு மிச்சம் பிடித்த பணத்துடன் எஸ்.பி. ரோட்டுக்குப் புறப்பட்டார். விளையாட்டுக் கணினிக்கு நீரால் குளிரும் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். "நீதான் பௌதிகம் படிக்கிறாயே, வாங்கலாமா, சொல்லப்பா!" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

2022-இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 450 வாட் வரை மின்சாரம் இழுக்கும். அத்தனையும் முடிவில் வெப்பமே. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், அவ்வெப்பத்தைச் சுமந்தும் ஆறரை டிகிரிதான் சூடேறும். காற்றோ பத்து டிகிரி சூடேறுவதானாலும், விநாடிக்கு 40 லிட்டருக்கு மேல் வீச வேண்டும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒரே வெப்பநிலையில் இங்குள்ள காற்று சென்னைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது.

அப்படியானால் நீரே சிறந்ததா? அவசரப்பட வேண்டாம். நீர் வெப்பத்தை விழுங்கிவிடுவதில்லை. மூட்டை தூக்குபவரைப் போல ரேடியேட்டர் வரை கொண்டு சேர்க்கிறது. அங்கிருந்து அதை அகற்றுவது மறுபடியும் விசிறியும் காற்றுமே. ஆகவே கார்டு அறையைவிடக் குளிராது. அறையும் முன்போலவே புழுங்கும்.

வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கேபினெட்டில் ரேடியேட்டருக்கு இடமுண்டா? பம்ப் நின்றாலும் குழாய் கசிந்தாலும் வாரண்டி உண்டா? அந்த அதிக விலைக்கு விளையாட்டில் எவ்வளவு வேகம் கூடும்?

மூன்றாம் கேள்விக்கு விடை கேட்டதும் நண்பர் காற்றால் குளிரும் கார்டையே வாங்கினார். மிஞ்சிய பணத்தில் பொங்கலுக்கு ஊர் போய் வந்தார். படித்த பாடம் ஒருவர் பணப்பையைக் காத்ததை அன்றுதான் கண்டேன்.