கருமணலும் கரைந்த மருந்தும்

அன்புள்ள மக்களே,

மணவாளக்குறிச்சிக் கருமணலில் டைட்டானியம் இருக்கிறதே, அதைக் குளத்தில் கொட்டினால் வெயில் பட்டு ஆன்டிபயாட்டிக் கழிவு அழியாதா என்று கேட்டிருந்தாய். கொட்டிவிடாதே.

முதலில் அந்த மணலின் கதை. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலார் நம் கடற்கரையைத் தேடி வந்ததற்குக் காரணம், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல். அவர் தேடியது மோனசைட். அதிலுள்ள தோரியம் அன்றைய காஸ் விளக்கு மேன்டிலுக்கு வேண்டியிருந்தது. கூடக் கிடந்த இல்மனைட்டுக்கு மவுசு வந்தது வெள்ளைப் பெயின்டால்தான். இந்தக் கதையை எங்கே கண்டாலும் படிப்பேன், அலுத்ததே இல்லை.

இல்மனைட்டில் டைட்டானியத்தோடு இரும்பும் பிணைந்திருக்கிறது. அதை நீக்கினால்தான் டைட்டானியம் டை ஆக்சைடு. அதுவும் மணல் பருமனில் உதவாது. ஒளியால் விடுபட்ட எலக்ட்ரான், தான் விட்டுவந்த துளையோடு மறுபடி சேர்வதற்குள் துகளின் மேற்பரப்பை எட்டியாக வேண்டும். 0.1 மில்லிமீட்டர் மணியை 25 நானோமீட்டர் துகள்களாக்கினால், அதே எடைக்குப் பரப்பு 4000 மடங்கு. சூட்சுமம் அங்கேதான். பெயின்ட் கடை வெள்ளைப் பொடியும் வேண்டாம். வெயிலில் பெயின்ட் மாவாய் உதிர்வதே டைட்டானியம் டை ஆக்சைடின் இந்த ஒளிவினையால்தான். அதை அடக்கத்தான் துகளுக்குச் சிலிக்கா, அலுமினா பூசி விற்கிறார்கள்.

புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் டைட்டானியம் டை ஆக்சைடை ஒளியில் வைத்து நீரைப் பிளந்து காட்டினார்கள். ஆனால் அனடேஸ் வகைக்கு 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா வேண்டும். வெயிலில் அது சுமார் 5 சதவீதம்தான். கார்பன் நைட்ரைடு 460 வரை ஏற்கும் என்பதால் இப்போது எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறார்கள்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் நிறம் போனதும் ‘மாசு அழிந்தது’ என்று எழுதிவிடுகிறார்கள்! நிறம் போவது வேறு, மூலக்கூறு கரியமில வாயுவாகும்வரை சிதைவது வேறு. சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது பைப்பரசின் வளையம். கிருமியைத் தாக்கும் குயினோலோன் கரு மிஞ்சி நிற்கலாம். மருந்து குறைந்ததென்று கருவி சொன்னாலும் நம்பாதே. மொத்தக் கரிமக் கார்பனை அள, அந்தத் தண்ணீரில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்.

ஹைதராபாத் அருகே படான்செருவில், மருந்தாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததாக 2007-இல் லார்சன் குழு வெளியிட்டது. மாத்திரை விழுங்கியவர் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அது. டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற ஒளிவினையூக்கியை வைக்கவேண்டிய இடம் அப்படிப்பட்ட குழாயின் வாய், குளமல்ல. குளத்துச் சேறும் பாசியும் ஒளியை மறைக்கும், மருந்தைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ராடிக்கல்களையும் தின்றுவிடும். தூவிய நானோ துகளைத் திரும்ப அள்ளவும் முடியாது.

உன் புராஜெக்ட்டுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் போதாது, பழையாற்றுத் தண்ணீரிலும் செய். விளக்கைப் போடுமுன் அரைமணி நேரம் இருட்டில் கலக்கி அளந்துகொள். துகளில் வெறுமனே ஒட்டிக்கொண்ட மருந்தை ஒளியின் கணக்கில் எழுதிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்