தக்காளி காத்திருக்கட்டும்

யிகாந்தெஸ் என்றால் கிரேக்கத்தில் இராட்சதர்கள். கட்டைவிரல் நுனி பருமனுக்கு இருக்கும் வெள்ளை அவரை விதைக்கு அங்கே அதுதான் பெயர். வட கிரேக்கத்தின் பிரெஸ்பா ஏரிப் பகுதியிலும் கஸ்தோரியாவிலும் விளையும் விதைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெங்காயம், தக்காளி, ஆலிவ் எண்ணெயோடு அதை ஓவனில் வேகவைத்தால் பிளாகி. முதன்முறை செய்யப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. புது விதையாக வாங்குங்கள். வருடக்கணக்கில் கிடந்த விதை எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். டபுள் பீன்ஸ் வேறு இனம். அதில் செய்தால் வேகும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. அரை கிலோவை முந்தைய இரவே, ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்ட நிறைய தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பு தோலை இறுக்கும் என்பார்கள். இல்லை, மிருதுவாக்கும்.

3. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதையும் கொட்டுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேகாத விதையில் இருக்கும் லெக்டின் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். இளஞ்சூட்டில் கிடந்தால் அது அழியாது.

4. மறுபடி தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் மெத்தென்று ஆகும்வரை வேகவிடுங்கள். ஒரு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை தக்காளியைக் கிட்டே சேர்க்காதீர்கள். புளியை முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே சங்கதிதான்: விதையைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் பெக்டினைப் புளிப்பு கரையவிடாது. நான் ஒருமுறை அவசரப்பட்டுப் பாதி வெந்த விதையில் தக்காளியைக் கொட்டினேன். மூன்று மணி நேரம் ஓவனில் இருந்தும் கடிக்க முடியவில்லை. விருந்தாளிகள் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். இன்றும் அதை நினைத்தால் மனம் சுருங்குகிறது. ஒன்றைக் கடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஐந்தைக் கடித்துப் பாருங்கள். ஐந்தும் வெண்ணெயாக இருக்க வேண்டும், உருவம் மட்டும் குலையக்கூடாது. குக்கரில் விசில் விட்டால் தோல் கிழிந்து கூழாகிவிடும்.

5. மூன்று வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு கேரட், ஒரு தண்டு செலரி எல்லாவற்றையும் எண்ணெயில் நிதானமாக வதக்கி, 800 கிராம் தக்காளி, பிரிஞ்சி இலை, ஓரிகானோ சேருங்கள். எண்ணெய் 150 மில்லி. பயப்படாதீர்கள். எண்ணெயே குழம்பாக நிற்கும் இவ்வகை உணவுகளை அங்கே லாதெரா என்கிறார்கள். குறைத்தால் பிளாகி வறண்டுபோகும்.

6. வேகவைத்த தண்ணீரில் ஒரு குவளை எடுத்து வைத்திருங்கள். அகன்ற தட்டில் எல்லாவற்றையும் கலந்து, விதை முக்கால் பங்கு மூழ்கும்படி அதை ஊற்றி, 180 டிகிரியில் மூடாமல் ஒரு மணி நேரம். மேலே சில விதைகள் கருகினாற்போல் ஆனால் நல்லது. எனக்கு அவைதான் பிடிக்கும்.

7. பார்ஸ்லி தூவி, ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக, ஃபெட்டா பாலாடைக்கட்டியோடு பரிமாறுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் கிரேக்கர்கள் அந்தப் பாலாடைக்கட்டியை விட்டுவிடுவார்கள். மிஞ்சியது மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். தட்டில் ஒட்டிய எண்ணெயை வழிக்க ரொட்டி நிறைய வாங்கி வையுங்கள்.