ரம்பத்துக்கு முன்னால் எடை மேடை

வேனுக்குள் கட்டில் போட்டு, சின்னதாக ஒரு சமையல் மேடையும் வைத்துக்கொண்டு ஏலகிரிக்கோ வால்பாறைக்கோ கிளம்பிவிடும் ஆசை சென்னையில் பலருக்கு உண்டு. ஆதம்பாக்கத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஐடிஐ ஆசிரியர் ஒருவருக்கும் அந்த ஆசை வந்தது. தச்சு, வெல்டிங் இரண்டும் கைவந்தவர். அப்படியும் அவர் முதலில் கையில் எடுத்தது ரம்பத்தை அல்ல, வண்டியின் ஆர்சி புக்கை.

"அதுல ரெண்டு எண் இருக்கு சார். ஒண்ணு அன்லேடன் வெயிட், காலி எடை. இன்னொண்ணு ஜி.வி.டபிள்யூ., ஆளும் சாமானும் ஏறின மொத்த எடை. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் நம்ம கணக்கு" என்கிறார்.

அந்த வித்தியாசம் 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெரியவர்கள் ஏறினாலே சுமார் 280 கிலோ போய்விடும். எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று 35 கிலோ அளவுக்கு வரும். கட்டில், அலமாரி, மேடை எல்லாம் சேர்ந்தால் மூன்று பலகையாவது செலவாகும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். நூறு லிட்டர் தண்ணீர் 100 கிலோ. கூட்டிப் பார்த்தால் 535 கிலோ ஆகிவிட்டது. துணிமணி, அடுப்பு, அரிசி எதுவும் இன்னும் ஏறவில்லை.

ஆகவே அவர் அலுமினியச் சட்டத்தின் மேல் 12 மில்லிமீட்டர் பலகை போட்டார். டியூபுலருக்குப் பதில் லித்தியம் பேட்டரி வாங்கினார். தண்ணீர்த் தொட்டியைக் கைவிட்டு இருபது லிட்டர் கேன்களுக்கு மாறினார். ஒரு கேன் மட்டும் வண்டியில் நிறைந்து போகும், மற்றவை போய்ச் சேரும் ஊரில் நிரம்பும்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 113-ஆவது பிரிவு அதோடு நிற்பதில்லை. வண்டியின் காலி எடையே ஆர்சியில் உள்ள காலி எடையை மீறக்கூடாது என்று தனியாகச் சொல்கிறது. போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கிய அலமாரி காலி எடையில் சேரும். ஆள் ஏறாமல் நிற்கும்போதே வண்டி வரம்பைத் தாண்டியிருக்கலாம். 194-ஆவது பிரிவின்படி அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

எடை போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. எடை மேடையில் முழு வண்டியை ஒருமுறை நிறுத்த வேண்டும். பிறகு முன் சக்கரங்கள் மட்டும், அடுத்து பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து எடை பார்க்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்தாலும் கட்டிலும் பேட்டரியும் பின்பக்கமே குவிந்தால் பின் அச்சு திணறும், ஸ்டீயரிங் லேசாகிவிடும். வேலை தொடங்குமுன் ஒரு சீட்டு, பாதியில் ஒன்று, முடிந்ததும் டீசல் நிரப்பி ஒன்று வாங்கிவைப்பது நல்லது.

எடை சரியாக இருந்தால் மட்டும் அனுமதி வந்துவிடாது. உற்பத்தியாளர் குறிப்பிட்டு ஆர்சியில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரையை வெட்டி உயர்த்துவது, இருக்கைகளைக் கழற்றி எறிவது போன்ற வேலைகளில் கைவைக்கும் முன் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். ஆசிரியரும் அப்படித்தான் போனார். பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கேட்ட பிறகு, இருக்கைகளைத் தொடாமல், மடக்கிய சீட்டின் மேல் விரித்துத் திரும்ப எடுத்துவைக்கும் கட்டிலாக அதை மாற்றிக்கொண்டார்.

காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர் என்றால் சிக்கல் கூடும். வெல்டிங் பட்டறையில் சட்டம் கட்டி, கொக்கி மாட்டி இழுத்துப் போகலாம் என்று தோன்றும். ஆனால் சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனையும் டிரெய்லரையும் போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் மத்திய அரசு 2004-லேயே சேர்த்துவிட்டது. கஷ்டம் அதற்கு முந்தைய படியில்தான்: மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் பார்த்துச் சான்று தர வேண்டும். புனே, மானேசர் மட்டுமல்ல, ஆதம்பாக்கத்திலிருந்து தாம்பரம் தாண்டிப் போனால் ஒரகடத்திலும் அப்படி ஒரு நிலையம் இருக்கிறது. ஒரே ஒரு வண்டிக்காக ஒரு தனிமனிதர் அந்தச் செலவையும் அலைச்சலையும் தாங்குவது கடினம்.

ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே டிரெய்லர் கட்டுவோருக்கென்று அரசே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அங்கே டிரெய்லரின் சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். இந்தியாவிலும் டிரெய்லர் வகைகளில் முதல் கோடு 750 கிலோவில்தான் விழுகிறது.

முழு வசதியோடு பெரிய கேரவன் வேண்டுமென்றால், பதிவாகாத புது சேசிஸ் வாங்கி, அங்கீகாரம் உள்ள நிறுவனத்தில் பாடி கட்டி, பிறகு பதிவு செய்வதே நேர்வழி. பஸ் பாடிக்குப் பேர்போன கரூர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி உண்டு, கட்டுபவரிடம் அந்தச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஆதம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே, ஐஐடி மெட்ராஸில் உருவான கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு மஹிந்திரா 2022 நவம்பரில் ஒப்பந்தம் போட்டு, பொலேரோ கேம்பர் கோல்டில் நான்கு பேர் படுத்துறங்கும் வண்டியை அறிவித்தது.

கடைசியாக இன்ஷூரன்ஸ். வண்டிக்குள் என்ன வைத்திருக்கிறோம் என்பதை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் ஆசிரியர். "ஆக்சிடென்ட் ஆனா சர்வேயர் ஆர்சியையும் வண்டியையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பார். அப்போ நம்ம கையில எடை மேடைச் சீட்டு இருக்கணும், அந்தக் கடிதமும் இருக்கணும்." இரண்டின் நகலையும் ஆர்சியோடு சேர்த்து வண்டியிலேயே வைத்திருக்கிறார்.